வளித்தடையைப் புறக்கணிக்குக

“அப்பா, இரண்டாவது கம்பத்துக்கு நேரை நில்லுங்கோ. அசையக் கூடாது.”

மேல்மாடி பல்கனியிலிருந்து மகள் சிவாஜினி கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி சிவநேசம் ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறையுடன் நின்றாள். கையுறைக்குள் வாசல் கதவுப் பூட்டின் திறப்பு இருந்தது.

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த அந்த வீட்டின் கீழ்க் கதவுக்கு எங்களிடம் ஒரே ஒரு திறப்புத்தான். மணியும் வேலை செய்யாது. வேலையால் வருபவர் கீழே நின்று கூப்பிட, மேலே இருப்பவர் திறப்பைக் கையுறைக்குள் போட்டு எறிவார்.

அன்று அது பரிசோதனை.

2006 தை மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குப் பெட்டிகள் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். முற்றத்தில் புதுப்பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. என் சுவடுகளைத் தவிர அதில் வேறு சுவடில்லை.

மேலே நடந்ததைப் பிறகுதான் கேட்டறிந்தேன்.

சிவாஜினியின் பிரெஞ்சுப் பௌதிகப் புத்தகத்தில் ஒரு கணக்கு. ஐந்து மீற்றர் உயரத்திலிருந்து, செக்கனுக்கு நாலு மீற்றர் வேகத்தில், கிடையாக எறியப்படும் பந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

சிவநேசத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. சொற்களை உள்ளங்கையால் மறைத்துவிட்டு எண்களையும் படத்தையும் மட்டும் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் படித்த பிரயோக கணிதம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அங்கே படிப்பித்தபடி ஈர்ப்பைப் பத்து என்று எடுத்தாள். நேரம் ஒரு செக்கன். விடை நாலு மீற்றர்.

மகள் கல்குலேற்றரைத் தட்டினாள். இங்கே ஈர்ப்பு ஒன்பது தசம் எட்டு. அவளுக்கு நாலு சதமமீற்றர் கூட வந்தது.

“இது அங்கத்தையான் கணக்கு அம்மா. இனி நான் ரீச்சரிட்டையே கேக்கிறன்.”

வீட்டுக்கு வரும் கடிதங்களை மகள் வாசித்துச் சொல்ல, தாய் கேட்டுக்கொண்டிருப்பாள். வங்கியிலும் டொக்டரிடமும் மகள்தான் பேசுவாள். கணக்குக்கு மட்டும்தான் மகள் தாயிடம் வருவாள். அந்த ஒன்றும் அன்று போகப் பார்த்தது.

“நாலு சதமமீற்றர் உன்ரை அப்பாவின்ரை உள்ளங்கைக்குள்ளை அடங்கும்,” என்றாளாம் சிவநேசம். “வா, எறிஞ்சு காட்டுறன்.”

எங்கள் பல்கனியும் ஐந்து மீற்றர். வீட்டிலிருந்து வேலியின் இரண்டாவது கம்பம் நாலு மீற்றர். கோடையில் பயிற்றங்கொடிக்கு நூல் கட்டும்போது அவளே அளந்தது.

நான் அந்தக் கம்பத்துக்கு நேரே நின்றேன்.

சிவநேசம் எறிந்தாள். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி “ஒண்டு” என்றாள். அவள் நிமிர்ந்தபோது கையுறை என் கைகளுக்குள் இருந்தது.

துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்றிலிருந்து அந்த வருடம் முழுவதும், ஒவ்வொரு கணக்கையும் முதலில் தாயிடம்தான் கொண்டுவந்தாள்.

போன மாதம் சிவநேசத்தின் இறுதிச் சடங்கில் சிவாஜினி இதைத்தான் சொன்னாள். அம்மாவின் கணக்கு ஒருநாளும் பிழையானதில்லை என்று முடித்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் கொஞ்சம் சிரித்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்தக் கணக்குகளின் கீழே எல்லாம் ஒரு வரி இருக்கும்: வளித்தடையைப் புறக்கணிக்குக. எங்கள் தெருவில் அன்று காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கம்பளிக் கையுறை அதில் மாட்டி, கம்பத்துக்கு இங்காலேயே, வீட்டுப் பக்கமாக இறங்கியது.

நான் முன்னால் ஓர் எட்டு வைத்தேன்.

மகள் என் கைகளைத்தான் பார்த்தாள். கால்களைப் பார்க்கவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, சிவநேசத்துக்கும்.

அன்று பின்னேரம் சிவநேசம் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு, படியைக் கூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினாள். வர நேரமானது. மூக்கு நுனி சிவந்திருந்தது. தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் அடுத்த கணக்கில் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை நான் வேலைக்கு இறங்கியபோது, படிகளில் பனி அப்படியே கிடந்தது. இரண்டாவது கம்பத்தடியில், நான் எட்டு வைத்த இடம் மட்டும் கூட்டப்பட்டிருந்தது.