பக்கத்துக் கட்டில்

"ரொட்டி, பழமெல்லாம்கூட வேணாம்ணே. வெறுங்கைய வீசிட்டு வாங்க. உங்க மாப்ளைய ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க, போதும்."

பசுமலையில் இருந்த குடிநோய் சிகிச்சை மையத்தின் வராந்தாவில் நின்றுகொண்டு, உசிலம்பட்டியில் இருக்கும் அண்ணன் ஜெயபாண்டியிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள் செல்லக்கிளி. காலையிலேயே பிடித்தால்தான் உண்டு. மதியத்துக்கு மேல் அண்ணன் போனை எடுக்கமாட்டார். தோட்டத்தில் டவர் கிடைக்காதாம்.

"குடிகாரனப் பாக்க ரொட்டி எதுக்குத்தா? மிக்சர் வாங்கியாரவா?"

"இது வியாதிண்ணே. சுகர், பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதின்னு டாக்டரே சொல்றாக."

"வியாதியாம்ல வியாதி! பில்லு போடணும்ல, சொல்லத்தான் செய்வாக. மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுறலாம். உம் புருசனுக்கு மனசு இல்ல, அம்புட்டுத்தேன்."

"சரி, மதினிகிட்டயாச்சும் போனைக் குடுங்க."

"அவ சோலியா இருக்கா." பட்டென்று வைத்துவிட்டார்.

செல்லக்கிளிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போன வருஷம் அவள் புருஷன் மருது பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, இதே அண்ணன் வேன் பிடித்து ஊரையே ஏற்றிக்கொண்டு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்கக் கட்டிலுக்கு அடியில் இடமில்லை. கால் ஒடிந்தால் ஓடி வருகிற சொந்தம், இதற்கு மட்டும் எட்டிப் பார்க்காதாம். நல்ல சொந்தம் போங்கள்!

மருதுவும் சும்மா இருக்கிறானா? சாயங்காலம் ஆட்கள் பார்க்க வரும் நேரமானால், தலையைப் படிய வாரிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவான். நடுங்குகிற கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு வாசலையே பார்ப்பான். யாராவது வரமாட்டார்களா என்று அந்த முகம் ஏங்குவதைக் காணப் பொறுக்காமல், அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அவளே காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிவந்து நீட்டினாள்.

"அண்ணன் குடுத்துவிட்டாக. தோட்டத்துல சோலி கெடக்காம், வர முடியலையாம்."

மருது ரொட்டி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உசிலம்பட்டியிலருந்து வந்த ரொட்டியில காளவாசல் பேக்கரி பேரு போட்டிருக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விடு கிளி. நீ வாரேல்ல, அது போதும்" என்று ஒரு ரொட்டியை எடுத்து அவளுக்கும் கொடுத்தான். ஆனாலும் அவன் கண் வாசலை விட்டு நகரவில்லை.

மறுநாள் நர்ஸம்மா காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் தட்டியது. செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனேதான்! கையில் ரொட்டியும் ஆரஞ்சும். பின்னால் மதினி தங்கப்பொண்ணு, தோளில் ஒரு பெரிய பையோடு.

"ஏங்க, அண்ணன் வந்துட்டாக!"

மருது கட்டிலை விட்டு எழுந்தே விட்டான். "வாங்க மச்சான், வாங்க! வருவீகன்னு எனக்குத் தெரியும்."

ஜெயபாண்டி ஆரஞ்சை எடுத்து மருதுவிடம் நீட்டினார். அது கைதவறி உருண்டு ஓடியது. செல்லக்கிளி ஓடிப்போய்ப் பொறுக்கினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எதுக்கு மதினி இம்புட்டுப் பெரிய பை? எல்லாம் இவருக்கா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன்தான், தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நானும் எத்தனையோ தடவ மனசு வச்சுப் பாத்துட்டேன் கிளி, முடியல. இந்தக் கட்டில் எனக்குத்தேன்."