ரஜிதாவின் ஈ.சி.ஜி.

"ரஜிதாதானே?" அடையாள அட்டையைப் பார்த்தபடி டாக்டர் கேட்டார்.

கட்டிலில் கிடந்தவள் தலையாட்டினாள். குவைத் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஈ.சி.ஜி. ஒன்றுதான் மிச்சம்.

தாளைப் பார்த்தவர் நிமிரவில்லை. "மலை ஏறுனா மூச்சு வாங்குதா?"

"தேயிலைக் கொழுந்துக் கூடையோட ஏறுனா எல்லாருக்கும் வாங்குந்தானே டாக்டர்."

"சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்குச்சா?"

"தோட்டத்து லயத்துல பாதிப் பேருக்கு வந்துச்சுங்க."

"இந்தச் சின்ன மேடு ரெண்டாப் பிளந்திருக்கு பாருங்க. இதயத்தோட மேலறை பெருத்திருக்கும். வால்வு சுருங்கியிருக்கலாம், ஸ்கேன் எடுக்கணும். இப்ப வெளிநாடு போக முடியாதும்மா."

"தப்பா இருக்கும் டாக்டர். எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொருக்கா எடுங்க."

மறுபடியும் அதே பிளவு.

தாளோடு வெளியே வந்தாள். ஹட்டன் மழைக்கு ஒதுங்கி நின்ற தங்கச்சி மூச்சிரைக்க எதிரே வந்து அதைப் பிடுங்கிப் பார்த்தாள். கிளினிக்கில் தனக்கு எடுத்த தாள்களில் பார்த்துப் பழகிய அதே கோடுகள்.

"எனக்கு வால்வு நோய்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்கன்னுதானே என் பேருல ஒன்னைய அனுப்புனேன். என்னோட பழைய தாளை ஏன்க்கா காட்டுனே?"

அக்கா வினோதா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"இது என்னோடதுதான் ரஜிதா."