கொட்டகையில் இரண்டு புள்ளிகள்

“என்னை எந்தக் கொட்டகையிலடி பார்த்த நீ? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!”

தையல்நாயகி போட்ட சத்தத்தில் உப்பளத்தில் இறங்கியிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. மூன்றாம் வரப்பில் காலை நடைக்கு வந்திருந்த பதினோரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சர்க்கரையை நாளைக்குக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். சண்டை நாளைக்குக் கிடைக்குமா?

“நான் எங்கக்கா பார்த்தேன்? ஆப் காட்டுச்சு, குரூப்புல போட்டேன். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்,” என்றாள் விஜயலட்சுமி, கையில் போனோடு.

காலை நடையாளர் பாதுகாப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. போன மாசியில் ஹசீனா வரப்பில் வழுக்கி, உப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, அரைமணி நேரம் கேட்பாரில்லாமல் கிடந்தாள். மறுநாளே விஜயலட்சுமி குழுவைத் தொடங்கிவிட்டாள். கூனிமேட்டில் போன் கடை வைத்திருக்கும் தமிழரசனைக் கூப்பிட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்றை எல்லோர் போனிலும் ஏற்ற வைத்தாள். ஆளுக்கொரு புள்ளி. தங்கமான பையன், நாலைந்து தடவை வீட்டுக்கே வந்து, நடக்கவே பிடிக்காத அவள் கணவன் ராஜாங்கத்துக்கும் மகள் பிரியதர்ஷினிக்கும்கூடச் சேர்த்துப் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

விழுந்து கிடப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் புள்ளி. ஆனால் தினமுமா விழுகிறார்கள்? யாராவது விழும்வரை விஜயலட்சுமியும் சும்மா இருக்க முடியாதே. ஒன்பது நாளாகக் குரூப்பில் ஒரே செய்தியைப் போட்டுவந்தாள்: ‘இரண்டு புள்ளிகள் உப்புக் கொட்டகையில் இருபத்தைந்து நிமிடம். பாதுகாப்பாக இருக்கிறார்கள்.’ கீழே ஒரு கைகூப்பும் பொம்மை வேறு.

ஒரு புள்ளி, சத்துணவு அமைப்பாளர் தையல்நாயகி. புருஷன் போய் ஆறு வருஷம். இன்னொரு புள்ளி, உப்பள முதலாளி சக்கரபாணி. அவர் சம்சாரம் நாலு நாளாக அவருக்குச் சோறு போடவில்லை என்று பேச்சு.

“உன் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்குது,” என்றாள் தையல்நாயகி. “ஞாயித்துக்கிழமை கிளியனூர்லேர்ந்து தட்டு மாத்த வர்றாங்க. அவங்க காதுல இப்படி ஒரு பேச்சு விழுந்தா அந்தச் சம்பந்தம் நிக்குமா?”

“என் பொண்ணைப் பத்திப் பேச என்னா இருக்குது? தோ, நீங்களே பாருங்க!” விஜயலட்சுமி போனை எல்லோர் முகத்துக்கு நேராகவும் ஒரு சுற்றுக் காட்டினாள். “அப்பன் புள்ளியும் மக புள்ளியும் வீட்டுலயே ஒட்டிக்கிட்டு இருக்குது. காலையிலேர்ந்து அசையல. இந்த மாப்பிள்ளை வேணாம் வேணாம்னு பத்து நாளா அழுதவ, நேத்துலேர்ந்து கப்சிப். வளர்ப்புன்னா அது!”

அதற்குள் சக்கரபாணியே துண்டை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“ஏம்மா, இப்ப எங்க புள்ளி எங்க இருக்குதுன்னு பாரு.”

“பாக்கறதுக்கு என்னா? இப்பகூட ரெண்டும் கொட்டகையிலதான்...”

விஜயலட்சுமி நிமிர்ந்தாள். எதிரே சக்கரபாணி. பக்கத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தையல்நாயகி. கொட்டகையோ அரைக் கிலோமீட்டர் தள்ளி, உப்புக் குவியல்களுக்கு அந்தப் பக்கம்.

“உப்புத்தண்ணி பட்டா போன் காலியாயிடும், ஆணியில மாட்டிட்டு நடங்கன்னு அந்தப் போன் கடைப் பையன்தான் சொன்னான்,” என்றார் சக்கரபாணி. “கொட்டகையில மாட்டிட்டு நான் வடக்கால போறேன், இந்தம்மா தெக்கால போவுது. என் வீட்டு அடுப்பை அணைச்சிட்டியேம்மா!”

“அல்லா!” என்றாள் ஹசீனா. “அப்ப நான் திரும்ப வாய்க்கால்ல விழுந்தாலும், போன் கொட்டகையில பத்திரமா இருக்குதுன்னு குரூப்புல போடுவீங்களாக்கா? புள்ளி நிக்குதுன்னா போன்தான் நிக்குது. ஆளு எங்க வேணா போவலாம்!”

வரப்பே குலுங்கச் சிரித்தார்கள். சமாளிக்கும் வழி தெரியாமல் விஜயலட்சுமியும் சிரிக்கத் தொடங்கினாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பெருவிரல் தானாகப் போனில் நகர்ந்து, வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு புள்ளிகளுக்கு வந்தது.

குழுவின் முதல் விதி, வரப்பில் ஓடக் கூடாது என்பது. எழுதியவளே ஓடினாள். ஒரு செருப்பு பாத்தியோடு போயிற்று.

“பாத்துக்கா, வழுக்கும்!” என்று ஹசீனா பின்னாலிருந்து கத்தினாள்.

வீட்டுக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளே, பிரிஜ்ஜின் மேல், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு போன்கள் சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

கிளியனூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வரப்பில் சண்டை நடந்த அன்று காலையே பிரியதர்ஷினிக்கும் தமிழரசனுக்கும் மயிலம் கோயிலில் கல்யாணம் முடிந்துவிட்டது. மறுவாரம் கடையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓசூருக்குக் குடிபோனார்கள். கல்யாணத்துக்கு முதல் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ராஜாங்கம். ஊரிலேயே போனும் ஆளும் பிரியாத ஒரே புள்ளி மூன்றாம் வரப்பைத் தொட்டதைப் பார்த்துவிட்டுத்தான், அவர் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறியிருந்தார்.