விளக்கு பிடித்தவள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் சிக்னே. போன பெந்தெகொஸ்தே ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் சமையலறையில் நான் கோப்பைகளைக் கழுவ, அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அதுவரை ஓட்வாரைப் பற்றி ஊர் பேசியதையே நானும் நம்பியிருந்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

நார்வேயின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். கடலடியில் முக்குளிக்கிறவர்களுக்குப் படகுத்துறையில் ஒரு சங்கம் உண்டு. ஓட்வாருக்கு எழுபது வயது. தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவைப் பூட்டிக்கொண்டு நாற்பது வருஷமாகக் கடலடியில் படம் எடுப்பவர். ஆனால் இரண்டு வருஷமாக ஒரு படத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. சங்கத்தின் வருஷாந்தரப் படக் காட்சிக்கும் வெறுங்கையோடு வந்து, வாஃபிள் அப்பம் தின்றுவிட்டுப் போனார்.

"சாகும்போது படத்தையெல்லாம் கூடவே எடுத்துட்டுப் போவாரு போல," என்று சங்கத் தலைவர் பியார்தே சிரிப்பார்.

அதுகூடப் போகட்டும். சிக்னேயை அவர் நடத்தியதுதான் எல்லோருக்கும் உறுத்தியது.

மூன்று வருஷத்துக்கு முன், கடலடியில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, மெதுவாக ஏற வேண்டியதைப் பயத்தில் மறந்து அவள் ஒரே மூச்சில் மேலே வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன் பிறகு தண்ணீரைப் பார்த்தாலே கை நடுங்கும். ஆனாலும் கடல் நினைப்பு அவளை விடவில்லை. கூடவே ஒருவர் இருந்து கவனித்துக்கொண்டால் மட்டும் இறங்கலாம் என்றார் பியார்தே.

"பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி என் கையை யாரும் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேணாம். அதுக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஓட்வார் வந்து, எனக்கு விளக்கு பிடிக்க ஓர் ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று கேட்டாராம்.

கேமராக்காரன் கேமராவைத்தான் பார்ப்பான், கூட வருகிறவரை மறந்துவிடுவான். கடலில் இறங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். இவரோடு இவளையா என்று ஊரே முணுமுணுத்தது. பியார்தே மட்டும் ஏனோ தடுக்கவில்லை.

கீழே எல்லாமே மெதுவாக நடக்கும் என்பாள் சிக்னே. பச்சை வெளிச்சத்தில் பனி பெய்கிற மாதிரி துகள்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தம் என்றால் அவள் மூச்சு மட்டும்தான். பாறைமேல் விரல்நுனி அளவு ஓடில்லாத நத்தைகள், முதுகில் ரோஜாநிறச் சுடர்களை ஏற்றிக்கொண்டு, நகர்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். கோயிலில் ஆர்கன் வாசிக்கத் தொடங்குமுன் ஓர் அமைதி இருக்குமே, அது மாதிரி என்றாள்.

ஒரு நத்தைக்கு முன்னால் ஓட்வார் இருபது நிமிஷம் மண்டியிட்டிருப்பார். விளக்கின் வெளிச்சம் ஆடினால் உடனே திரும்பி, உள்ளங்கையைக் காட்டி மெல்லத் தாழ்த்துவார். ஆடாமல் பிடி என்று அர்த்தம். மூச்சை மெதுவாக விட்டால்தான் கை ஆடாது. அதனால் சிக்னே மெதுவாக மூச்சு விட்டாள்.

மேலே வந்ததும் அவரைச் சண்டைக்குப் பிடித்துக்கொள்வாள். "நான் என்ன தெருவிளக்குக் கம்பமா? நான் செத்தாக்கூட நீங்க நத்தையத்தான் பாத்துட்டிருப்பீங்க."

"வெளிச்சம் கீழ விழுந்தா எனக்குத் தெரிஞ்சிடும்," என்பார் அவர்.

வடக்கே தூரத்தில் இருக்கிற அவள் மகளோ, இனி கடலில் இறங்காதே அம்மா என்று போனில் அழுதாள். நான் கீழே நிம்மதியாக இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் தாருங்கள், அவளுக்கு அனுப்புகிறேன் என்று சிக்னே ஓட்வாரிடம் கேட்டாள். அடுத்த வாரம் என்றார். அந்த வாரம் வந்தபோதும் அடுத்த வாரம் என்றார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவளுக்கு வெறுத்துவிட்டது. இதுதான் கடைசி. இவரும் வேண்டாம், கடலும் வேண்டாம். பியார்தேயிடம் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

கரையேறியதும் ஓட்வார் படகைக் கட்டப் போனார். உப்புப் போக அவர் பெட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. அடுத்தவர் பெட்டியை அங்கே யாரும் தொடுவதில்லை. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர்த் துளிகள் ஓடுவது அவள் கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே தண்ணீர் போனால் நிமிஷக் கணக்குத்தான், கேமரா பாழாகிவிடும். கூப்பிட்டுப் பார்த்தாள். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

கோபத்தை மறந்து, பெட்டியைத் தூக்கித் துடைத்துக் கொக்கிகளைத் திறந்தாள்.

உள்ளே கேமரா இல்லை.

ஒரு கறுப்புக் கம்பளிக் காலுறை. அதற்குள், பெட்டி மிதக்காமல் இருக்க, இரண்டு ஈயக்கட்டிகள்.

இரண்டு வருஷமாக அவர் கண்கள் நத்தைமேல் இல்லை, தன் கை வெளிச்சத்தின் மேல்தான் இருந்தன என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

காலுறையைப் பிழிந்தாள். பெட்டியின் ரப்பர் வளையத்தில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. தண்ணீர் புகுந்த வழி அதுதான். அதை எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பூட்டித் தொட்டியில் போட்டாள்.

ஓட்வார் வந்தார்.

"இன்னிக்குப் படம் எப்படி?" என்று கேட்டாள் சிக்னே.

"தெளிவா வரல. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகணும்."

"என்னிக்குத்தான் தெளிவா வந்துச்சு? உங்களுக்கு விளக்கு புடிச்சே நான் கெழவியாயிடுவேன்," என்றவள், "சரி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

படம் சரியாக விழவில்லை என்று மகளிடம் அவளே சொல்லிவிட்டாள். கோப்பையைத் துடைத்த அவள் கையை நான் பார்த்தேன். ஆடவில்லை.

நீங்கள் எப்போதாவது எங்கள் படகுத்துறைப் பக்கம் வந்தால், பெட்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைப் பார்ப்பீர்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். எடுத்த படத்தையெல்லாம் எப்போதுதான் காட்டப் போகிறீர்கள் என்று நீங்களும் அவரிடம் கொஞ்சம் சலித்துக்கொள்ளுங்கள்.