பாய்லிங்கின் முந்நூற்றோராவது ஆள்

சீனாவில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒடுங்கிய சிற்றூர் பாய்லிங். ஒரு காலத்தில் உப்புப் படகுகள் தங்கிப் போன இடம். இப்போது ஆரஞ்சுத் தோட்டங்களை இயந்திரங்களே பார்த்துக்கொள்வதால், பிழைப்புத் தேடிப் பலர் வெளியேறிவிட்டார்கள். முந்நூறு பேர்கூட இல்லாத ஊரில் ரயில் நிற்காது என்பது சட்டம். அந்த வருடம் முந்நூறுக்கு ஓர் ஆள் குறைந்தது.

ஸ்டேஷன் எதிரே நூடுல்ஸ் கடை நடத்திய சூஜன், அக்கரையில் மீன் வளர்க்கும் குவாங்பிங்குக்குப் போன் செய்தாள். மூன்று வருடமாக அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"இங்கேயே வந்துடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றார். முகம் மட்டும் வாடியிருந்தது.

"ஆள் குறையுதுன்னுதானே கூப்பிட்டே?"

சூஜன் சிரித்துவிட்டாள். "என் தம்பி முந்தாநாளே திரும்பி வந்து பேரைப் பதிஞ்சுட்டான். முந்நூறு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

"அப்போ ஏன் இத்தனை நாள் பேசாம இருந்தே?"

"ரயில் நின்னாத்தானே கடை. வருஷா வருஷம் ஆள் குறைஞ்சுட்டே வந்துச்சு, கடை இருக்குமான்னே தெரியாம உங்களை எப்படிக் கூப்பிடறது? சாப்பிட்டீங்களா?"

குவாங்பிங் பெட்டியைத் தூக்கினார். வாடிக்கையாளர்கள் உட்காரும் மேசைகளைத் தாண்டி, முதன்முறையாக அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தார்.