கேமரா ஓடுது, பேசாதே

"மனுஷா! மத்தி வாங்கிட்டு வாங்கன்னு காலையிலயே சொன்னேன். மணி பதினொண்ணு ஆச்சு. துணியில மீன் வரைஞ்சிட்டு உக்காந்திருக்கீங்க. அதையா குழம்பு வைக்கிறது?"

சுகுணன் தூரிகையை வைத்துவிட்டு, எதிரே நிறுத்தியிருந்த செல்போனை அணைத்தார். "ஓமனே, கேமரா ஓடும்போது பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

கொடுங்கல்லூர் வீட்டின் முன்னறை முழுக்க அவர் வரைந்த படங்கள். ஒன்றுகூட விற்றதில்லை. ஓணத்துக்குள் ஒன்றாவது போகாவிட்டால், மச்சானின் டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போவதாக மனைவி ஓமனாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

கொச்சியில் டிசைனராக இருக்கும் அக்கா மகள் நிஷாதான் வழி சொன்னாள். "முடிச்ச படத்தை நெட்ல போட்டா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க மாமா. வரையறதை வீடியோவாப் போடுங்க. தினமும் போடுங்க."

போட்டார். இரண்டே மாதத்தில் பார்ப்பவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள். பாதிப் பேர் வளைகுடாவில்.

"என்னோட நீலத்துக்குத்தான் இவ்வளவு கூட்டம்," என்றார்.

"நீலத்துல பாதி உங்க சட்டையிலதான் இருக்கு. துவைக்கிறவளைக் கேளுங்க," என்றாள் ஓமனா. அதுவும் பதிவாகி, அப்படியே வெளியேயும் போய்விட்டது.

அவருக்கு மானம் போயிற்று. மறுநாளிலிருந்து வீட்டுச் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டு, வயலின் இசையைச் சேர்த்தார். "இனிமே நான் வாயைத் திறந்தா கேளுங்க," என்று ஓமனாவும் ரோஷமாக அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பத்தாயிரம் முந்நூறாகச் சுருங்கியது.

"மழைக்காலம்மா. நெட் சரியில்ல," என்றார் நிஷாவிடம்.

"ஷார்ஜாவிலயுமா மாமா மழை?"

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரஷீத் என்ற இளைஞன் வந்தான். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். கையில் பேரீச்சம்பழப் பெட்டி.

"சேட்டா, உங்க வீடியோ ஒண்ணுகூட விட்டதில்ல. டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தா, எங்க ரூம்ல அதுதான் ஓடும். ஒரு படம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

சுகுணன் உற்சாகமாக எழுந்தார். ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டி, எந்த நிறத்தை ஏன் வைத்தார் என்று விளக்கினார். ரஷீத் தலையை ஆட்டினானே தவிர, பார்வையெல்லாம் அடுக்களைப் பக்கமே இருந்தது. பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்த சுகுணன் சாயாவுக்குக் குரல் கொடுத்தார்.

"சரி, உங்களுக்கு எந்தப் படம் வேணும்?"

"இருக்கறதுலயே பெரிசை எடுத்துக்கறேன் சேட்டா. ஆனா ஒரு சின்ன ஆசை..."

ஓமனா வந்தாள். சாயாவை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள். ரஷீத் சட்டென்று எழுந்து நின்றான். செல்போனை அவள் பக்கம் பிடித்தான்.

"சேச்சி, ரூம்ல எட்டுப் பேரும் சொல்லி அனுப்பியிருக்காங்க... ஒரு தடவை அவரைத் திட்டுங்களேன்!"