காலையில் மட்டும் கிளம்பாத கார்

"பாய், நீங்க ரிப்பேர் பார்த்த லட்சணம் இதுதானா? தினம் காலைல அந்தக் கார் கத்துற கத்துல பிளாட்டே எழுந்துக்குது. இப்படின்னா எங்க வண்டிங்களை எந்த தைரியத்துல உங்ககிட்ட விடறது?"

மேனாம்பேடு பிளாட்டின் செயலாளர் ராகவன் கேட்டதும், மெக்கானிக் அப்துல் ரசாக்கின் முகம் செத்துவிட்டது. பன்னிரண்டு வண்டிகள் அவரை நம்பி நிற்கும் இடம் அது. காரின் இருமலைக் கேட்டே, அது நேற்று எந்த பங்க்கில் குடித்தது என்று சொல்லிவிடுவார். சொல்வதும் அவர்தான், ஒப்புக்கொள்வதும் அவர்தான்.

கத்துவது அதே பிளாட்டில் குடியிருக்கும் கங்காதரனின் கார்; இருபத்தைந்து வயது தாண்டியது. ராத்திரி நிறுத்தினால் குழாயில் பெட்ரோல் அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் காலையில் லேசில் கிளம்பாது. ரசாக் வால்வை மாற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரும் மாட்டிப் பார்த்தார். விடியும்வரை முள் அசையவில்லை.

ஆனாலும் காலையில் மக்கர்.

"எந்த ஜின்னு பூதம் வந்து உறிஞ்சுதுன்னு தெரியலியே!" என்று புலம்பினார்.

மறுநாள் ஏழு மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கங்காதரன் வந்தார். பானட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். சாவியைத் திருப்பினார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் கார் இரண்டு தும்மல் போட்டு அணைந்தது. அப்புறம் வெறும் கிர்ர், கிர்ர்.

'அடப்பாவி மனுசா, என் பேரையா கெடுக்கிறே' என்று ரசாக் பல்லைக் கடித்தார்.

அப்போது எதிர்வீட்டு நாகம்மா முழங்காலைப் பிடித்தபடி வந்தாள். தொழிற்பேட்டை எஸ்டேட் கேன்டீனில் சமையல். யார் வண்டியில் கூப்பிட்டாலும், "ஓசில ஏற மாட்டேன்" என்று நொண்டிக்கொண்டே நடக்கிறவள்.

"இன்னா சார், இன்னிக்கும் மக்கரா?"

"ஆமாம்மா. நான் முன்னாடி பார்க்கிறேன், நீங்க சாவியைத் திருப்புங்க."

பானட் மறைவில் பியூஸ் அதன் இடத்துக்குப் போனது. நாகம்மா இரண்டு தரம் திருப்பினாள். கார் கிளம்பிவிட்டது.

"உங்க கை பட்டாத்தான் கேக்குது. வழியில நின்னுட்டா நான் எங்க போவேன்? எஸ்டேட் வரைக்கும் கூட வாங்கம்மா."

"நான் இல்லாங்காட்டி உன் பாடு திண்டாட்டம்தான் சார்" என்று அவள் ஜம்மென்று முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

கார் போனதும் ராகவன் வந்து நின்றார்.

"என்ன பாய், கோளாறு பிடிபட்டுச்சா, இல்லையா?"

ரசாக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார். அந்த வண்டி என் மூளைக்கு எட்டல. நீங்க வேற நல்ல மெக்கானிக்காப் பாத்துக்கோங்க."